கல்லூரிக் கட்டணத்தை அரசே முழுதாக ஏற்க வேண்டுமா? எந்தக் கல்லூரியில், யாருக்கு?

[1] ராசிபுரத்தான்

அக்கா மகள் இந்த ஆண்டு பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருக்கிறாள். நல்ல மதிப்பெண்தான். பொறியியல் கலந்தாய்வில் இடம் கிடைத்துவிடும், ஆனால் கிடைக்கப்போவது சுயநிதிக் கல்லூரியில். அரசு ஒதுக்கீட்டு இடம் என்றாலும் கல்விக் கட்டணமே ஐம்பதாயிரத்துக்கு மேல். பேருந்து அல்லது விடுதி, தேர்வு, புத்தகம், அப்புறம் "இதர" என்று ஒரு தலைப்பு. எல்லாம் கூட்டினால் ஆண்டுக்கு ஒன்றரை லட்சத்தைத் தொடுகிறது.

சரி, அரசுத் திட்டம் ஏதாவது பொருந்துமா என்று குடும்பத்தோடு உட்கார்ந்து பார்த்தோம். 7.5 சதவீத ஒதுக்கீட்டுக்கு ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். இவள் மெட்ரிக். முதல் பட்டதாரிச் சலுகையும் கிடையாது, ஏனென்றால் மாமா அந்தக் காலத்தில் அஞ்சல் வழியில் பி.காம். முடித்தவர். அந்தப் பட்டத்தால் அவருக்குச் சம்பளத்தில் பத்து ரூபாய்கூட ஏறியதில்லை, மகளின் சலுகை மட்டும் போயிற்று. பி.சி. உதவித்தொகைக்கு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். லாரி ஆபீஸில் கணக்கெழுதும் மாமாவுக்கு மூன்றேகால் லட்சம் வருகிறது.

ஏழை என்று சொல்ல வருமானம் இடம் கொடுக்கவில்லை, கட்டிவிடலாம் என்று சொல்லக் கையில் பணம் இல்லை. திட்டத்துக்கு மேல் திட்டம் போட்டு ஒவ்வொன்றுக்கும் தாசில்தார் கையெழுத்துக்கு அலையவிடுவதற்குப் பதில், கல்லூரிக்கே கட்டணம் கிடையாது என்று அரசு சொல்லிவிட்டால் என்ன? பள்ளிக்குச் சொன்னார்கள்தானே?


[2] கணக்குப்பிள்ளை

தம்பி, உங்கள் வீட்டுச் சிக்கல் புரிகிறது. ஆனால் "அரசு கட்டும்" என்றால் யார் கட்டுவது?

2025-26 தமிழ்நாடு பட்ஜெட்டில் பள்ளிக் கல்விக்கு 46,767 கோடி, உயர்கல்விக்கு 8,494 கோடி. இப்போது ஒரு தோராயக் கணக்குப் போடுவோம். ஆண்டுக்கு ஒன்றரை லட்சம் பேர் பொறியியலில் சேர்வதாக வைத்துக்கொள்ளுங்கள். நான்கு ஆண்டுக்கும் சேர்த்து ஆறு லட்சம் பேர். தலைக்கு வெறும் 50,000 என்றாலும் ஆண்டுக்கு 3,000 கோடி. உயர்கல்வி ஒதுக்கீட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல், பொறியியல் கல்விக் கட்டணத்துக்கு மட்டும். விடுதி இல்லை, கலைக் கல்லூரி இல்லை, மருத்துவம் இல்லை.

அந்தப் பணம் எங்கிருந்து வரும்? மாநில அரசின் வருவாயில் பெரும்பங்கு பொருள் வாங்கும்போது கட்டும் வரி, பெட்ரோல் வரி, மதுக்கடை வருமானம், பத்திரப் பதிவு. அதாவது கட்டட வேலைக்குப் போகிறவரும் கட்டுகிறார். அவர் பிள்ளை கல்லூரிக்கே வராமல் போகலாம். அவர் காசில் ஒரு மருத்துவர் மகனுக்குக் கணினிப் பொறியியல் இலவசம் என்றால் எனக்கு ஒப்பவில்லை. வசதி உள்ளவர் கட்டட்டும், இல்லாதவருக்கு அரசு கட்டட்டும். வரம்பை இரண்டரை லட்சத்திலிருந்து ஐந்தாக உயர்த்துங்கள், அதை நானும் கேட்கிறேன்.


[3] செம்பருத்தி

கணக்குப்பிள்ளை ஐயா, கட்டட வேலைக்குப் போகிறவர் பிள்ளை கல்லூரிக்கு வராது என்று எப்படி முடிவு கட்டினீர்கள்? நான் வந்தேன். தருமபுரி மாவட்டம், அப்பா பெங்களூரில் சென்ட்ரிங் வேலை. அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. படித்தேன்.

2021-22 அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பில் நாடு முழுவதும் கல்லூரி வயதினரில் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 28.4, தமிழ்நாட்டில் 47. பணக்காரர் பிள்ளைகளை மட்டும் வைத்து 47 வராது.

என் அனுபவத்தில் கட்டணத்தைவிடப் பெரிய சுவர் வேறு. அரசு கலைக் கல்லூரியில் இளநிலைக்குக் கல்விக் கட்டணம் எப்போதோ நீக்கியாயிற்று. தேர்வுக் கட்டணம், சிறப்புக் கட்டணம் என்று சில ஆயிரம்தான். ஆனால் என்னோடு பிளஸ் டூ படித்த பெண்களில் பாதிப் பேர் வரவில்லை. காரணம் கேட்டால் யாரும் "ஃபீஸ்" என்று சொல்லமாட்டார்கள். கம்பெனி வேன் வாசலுக்கு வந்து ஏற்றிக்கொண்டு போகும், மாதம் கையில் காசு வரும், தம்பியைப் படிக்கவைக்கலாம். கல்லூரி இலவசமாக இருந்தாலும் அந்தச் சம்பளத்தை விட்டுக்கொடுத்துதான் படிக்க வேண்டும். அதுதான் உண்மையான கட்டணம்.

அதனால்தான் புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் ஆயிரம் ரூபாயை நான் பெரிதாகச் சொல்வேன். மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரில் திருமண உதவி, தாலிக்குத் தங்கம் என்று போய்க்கொண்டிருந்த பணத்தைத்தான் 2022-ல் படிக்கும் பெண்ணின் வங்கிக் கணக்குக்குத் திருப்பினார்கள். ஆயிரத்தில் குடும்பம் நடக்காது. ஆனால் "படிக்கப் போனால் வீட்டுக்கு நஷ்டம்" என்று பேசும் பெரியப்பாக்களுக்குப் பதில் சொல்ல அது உதவுகிறது. பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்டில் வந்தது.


[4] ராசிபுரத்தான்

செம்பருத்தி அக்கா சொல்வது நியாயம். ஆனால் அந்த ஆயிரமும் அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு, அப்புறம் உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்குத்தான். எங்கள் வீட்டில் செய்த தப்பு, கடன் வாங்கி மெட்ரிக்கில் சேர்த்தது. அதுவே வசதி என்று கணக்காகிவிட்டது.


[5] சுண்ணாம்புக்கட்டி

நான் அரசு கலைக் கல்லூரி ஒன்றில் கௌரவ விரிவுரையாளர். பெயரில் மட்டும் கௌரவம். மாதம் 25,000, ஆண்டில் பதினோரு மாதம். மே மாதத்துக்குச் சம்பளம் கிடையாது. என்னைப் போல மாநிலம் முழுவதும் ஏழாயிரம் பேருக்கு மேல் இருக்கிறோம். பல துறைகளில் நிரந்தரப் பேராசிரியர்களைவிட நாங்கள்தான் அதிகம். முனைவர் பட்டம், நெட் அல்லது செட் தேர்ச்சி எல்லாம் உண்டு.

இலவசம் வேண்டுமா வேண்டாமா என்று கேட்டால், இலவசமாக என்ன கிடைக்கிறது என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். எங்கள் கல்லூரியில் இரண்டு ஷிப்ட். காலைப் பிள்ளைகள் எழுந்து போன பெஞ்சில் மதியப் பிள்ளைகள் உட்காருவார்கள். இயற்பியல் ஆய்வகத்தில் ஒரு கருவியைச் சுற்றி எட்டுப் பேர் நிற்பார்கள். அவ்வளவு கூட்டம், ஏனென்றால் கட்டணம் இல்லை. ஒவ்வொரு ஜூனிலும் விண்ணப்பம் குவியும், "கூடுதலாக இருபது சதவீதம் சேர்த்துக்கொள்ளுங்கள்" என்று உத்தரவு வரும், பிள்ளைகள் வருவார்கள். கூடவே ஆசிரியர்கள் வரமாட்டார்கள்.

கணக்குப்பிள்ளை ஐயா சொன்ன 3,000 கோடியைச் சுயநிதிக் கல்லூரிகளின் கணக்கில் போடப் போகிறோம் என்றால் நான் எதிர்ப்பேன். அதே பணத்துக்கு வேறு வேலை இருக்கிறது. சாயங்காலம் விவரமாக எழுதுகிறேன், இப்போது வகுப்பு.


[6] டெல்டாக்காரன்

எல்லாத்தையும் இலவசமா குடுத்து குடுத்துதான் நாடு நாசமாப் போச்சு.


[7] செம்பருத்தி

[6]-க்கு: நீங்கள் படித்த கல்லூரியின் கட்டடத்துக்கு யார் பணம் போட்டார்கள் என்று விசாரித்துவிட்டு வாருங்கள், பேசுவோம்.


[8] பனையடிவாசி

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். உங்கள் விவாதத்தை வாசிக்க எங்களுக்குக் கொஞ்சம் வேடிக்கையாக இருக்கிறது, ஏனென்றால் நீங்கள் கேட்பது எங்களிடம் 1945-இலிருந்து இருக்கிறது. கன்னங்கரா கொண்டுவந்த இலவசக் கல்வி, பாலர் வகுப்பிலிருந்து பல்கலைக்கழகம் வரை. மருத்துவமோ பொறியியலோ அரச பல்கலைக்கழகத்தில் கல்விக் கட்டணம் இல்லை. வசதி குறைந்தவர்களுக்கு மகாபொல உதவித்தொகையும் உண்டு. நான் அப்படிப் படித்தவன்தான், அதற்கு எதிராக ஒரு சொல் சொல்லமாட்டேன்.

ஆனால் இலவசம் என்பதற்காக எல்லோருக்கும் இடம் இருக்கிறது என்று நினைக்க வேண்டாம். உயர்தரப் பரீட்சையில் பல்கலைக்கழகத் தகுதி பெறுகிறவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்குத்தான் அனுமதி. மற்ற மூவரும் சித்தியடைந்தும் வெளியில். இருக்கிற இடங்களில் 40 வீதம் நாடளாவிய திறமைக்கு, 55 வீதம் மாவட்டச் சனத்தொகைப்படி, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. இந்த மாவட்டக் கணக்குக்குப் பின்னால் எழுபதுகளின் தரப்படுத்தல் (தமிழ்மொழி மூல மாணவர்களுக்குக் கூடுதல் வெட்டுப்புள்ளி வைத்த அனுமதி முறை) இருக்கிறது. அதனால் எங்கள் அரசியலில் என்னவெல்லாம் நடந்தது என்று உங்களுக்குத் தெரியும், அதற்குள் போகவில்லை.

கட்டணம் எங்கே போனது என்றால், ரியூசனுக்குப் போனது. இசட் புள்ளி (அனுமதிக்கான தரவரிசைப் புள்ளி) கொஞ்சம் குறைந்தாலே மருத்துவபீடம் தவறிவிடும். அதனால் பதினாறு வயதிலிருந்து காலை ஐந்தரைக்கு ஒரு வகுப்பு, பாடசாலைக்குப் பிறகு ஒரு வகுப்பு, சனி ஞாயிறு முழுக்க வகுப்பு. பல்கலைக்கழக வாசலில் காசு வாங்கவில்லை, அதற்கு இரண்டு வருடம் முன்னாலேயே வாங்கிவிட்டார்கள். கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பிள்ளைகளுக்கு அந்த வகுப்புகளும் இல்லை.

இடம் கிடைக்காதவர் என்ன செய்வார்? வசதி இருந்தால் வெளிநாடு. உள்ளூரில் தனியார் மருத்துவக் கல்லூரி ஒன்று மாலபேயில் வந்தபோது மருத்துவ மாணவர்களும் வைத்தியர் சங்கமும் ஆண்டுக்கணக்கில் போராடிக் கடைசியில் 2017-ல் அதை நிறுத்த அரசு இணங்கியது. அந்தப் போராட்டத்தை நான் ஆதரித்தவன். இன்றைக்கும் ஆதரிக்கிறேன். ஆனால் அதற்குப் பிறகு அரசு மருத்துவபீட இடங்களைத் தேவையான அளவுக்குக் கூட்டியிருக்க வேண்டும், அந்தக் கேள்வியை யாரும் அவ்வளவு உரக்கக் கேட்கவில்லை.


[9] கணக்குப்பிள்ளை

பனையடிவாசி சொன்னதற்கு நம் ஊரிலேயே உதாரணம் இருக்கிறது. நம் அரசு மருத்துவக் கல்லூரியில் கல்விக் கட்டணம் எப்போதும் மிகக் குறைவுதான், ஆண்டுக்குச் சில ஆயிரம். ஆனால் நீட் வந்த பிறகு, 2020-க்கு முன்னால், அரசுப் பள்ளியிலிருந்து உள்ளே போனவர்கள் ஒரு ஆண்டில் ஒற்றை இலக்கத்துக்கு வந்துவிட்டார்கள். கிட்டத்தட்ட இலவசமாக இருந்த படிப்பை அனுபவித்தவர்கள் யார்? பயிற்சி மையத்துக்கு லட்சக்கணக்கில் கட்ட முடிந்தவர்கள். நான் இதைத்தான் சொல்கிறேன். எல்லோருக்கும் இலவசம் என்று திறந்துவைத்தால் முன்வரிசையில் போய் உட்காருவது ஏற்கெனவே வசதி உள்ளவர்தான்.


[10] செம்பருத்தி

அதே உதாரணத்தின் இரண்டாம் பாதியையும் சொல்லுங்கள் ஐயா. 2020-ல் 7.5 சதவீத ஒதுக்கீட்டுச் சட்டம் வந்து, முதல் ஆண்டிலேயே சுமார் நானூறு அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு எம்.பி.பி.எஸ்., பி.டி.எஸ். இடம் ஒதுக்கப்பட்டது. கலந்தாய்வில் என்ன நடந்தது? தனியார் கல்லூரியில் இடம் கிடைத்த சிலர் கட்டணத்தைக் கேட்டுவிட்டு, இடம் வேண்டாம் என்று எழுதிக்கொடுத்துவிட்டுத் திரும்பினார்கள். செய்தி வெளியே வந்து சத்தம் கிளம்பிய பிறகுதான் அந்தக் கட்டணத்தையும் அரசே ஏற்கும் என்று அறிவித்தார்கள். அடுத்த ஆண்டு பொறியியல், வேளாண்மை, கால்நடை, சட்டம் வரை ஒதுக்கீடு நீண்டபோது கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் எல்லாம் சேர்த்தே அறிவித்தார்கள்.

ஆக, இடம் மட்டும் கொடுத்துக் கட்டணத்தை விட்டால் வேலைக்காகாது, கட்டணத்தை மட்டும் நீக்கி இடத்தை விட்டாலும் ஆகாது. இரண்டும் சேர வேண்டும்.

"வசதி இல்லாதவருக்கு மட்டும் கட்டலாம்" என்பதிலும் ஒரு சங்கடம் இருக்கிறது. 2024-ல் உத்தரப் பிரதேசத்துப் பட்டியல் சாதிக் கூலித் தொழிலாளி ஒருவரின் மகனுக்கு ஐஐடி தன்பாத்தில் இடம் கிடைத்தது. சேர்க்கைக்குக் கட்ட வேண்டியது 17,500 ரூபாய். கெடு முடிவதற்குள் பணம் புரளவில்லை, இடம் போயிற்று. அந்த ஆண்டு நுழைவுத்தேர்வை நடத்தியது ஐஐடி மெட்ராஸ் என்பதால் நம் உயர் நீதிமன்றத்துக்குக்கூட வந்து பார்த்தார்கள். கடைசியில் உச்ச நீதிமன்றம் தன் சிறப்பு அதிகாரத்தைப் பயன்படுத்தி இடத்தை மீட்டுக்கொடுத்தது. பட்டியல் சாதி மாணவருக்கு ஐஐடியில் கல்விக் கட்டணமே கிடையாது என்பதை நினைவில் வையுங்கள். சலுகை எல்லாம் உள்ளே போன பிறகுதான், வாசலில் ரொக்கம் கேட்கிறார்கள். அந்தப் பையனுக்கு உச்ச நீதிமன்றம் வரை வழி கிடைத்தது. மற்றவர்கள் பேசாமல் பி.காம். சேர்ந்துவிடுவார்கள்.


[11] பழைய_ஆபீஸ்காரர்

சுயநிதிப் பொறியியல் கல்லூரி ஒன்றின் அலுவலகத்தில் பல ஆண்டுகள் குப்பை கொட்டியவன். எந்தக் கல்லூரி என்று கேட்காதீர்கள். கட்டணம் எப்படிப் பிறக்கிறது என்று தெரியாமலே எல்லோரும் பேசுகிறீர்கள், அதனால் எழுதுகிறேன்.

எண்பதுகளின் நடுவில் எம்.ஜி.ஆர். ஆட்சியில்தான் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகள் வரத் தொடங்கின. அரசிடம் பணம் இல்லை, படிக்கப் பிள்ளைகள் இருந்தார்கள், அதனால் கதவு திறந்தது. 1993-ல் உன்னிகிருஷ்ணன் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு வழி சொன்னது. பாதி இடம் அரசுக் கல்லூரிக் கட்டணத்தில், மீதிப் பாதி அதிகக் கட்டணத்தில். இவர் கட்டும் பணத்தில் அவரும் படிப்பார். 2002-ல் டி.எம்.ஏ. பாய் வழக்கில் பதினொரு நீதிபதிகள் கொண்ட அமர்வு அந்த ஏற்பாடு செல்லாது என்றது. அதன்பின் ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் கட்டண நிர்ணயக் குழு வந்தது. கல்லூரி தன் செலவுக் கணக்கைக் கொடுக்கும், குழு ஒரு தொகையை நிர்ணயிக்கும். 2017-ல் நிர்ணயித்தபோது அரசு ஒதுக்கீட்டுக்கு 50,000, அங்கீகாரம் பெற்ற பாடப்பிரிவுக்கு 55,000. நிர்வாக ஒதுக்கீட்டுக்கு 85,000, 87,000.

இதெல்லாம் காகிதத்தில். நடப்பு என்னவென்றால், குழு தொடாத தலைப்புகளில் பணம் வளரும். பேருந்து கட்டாயம். வேலைவாய்ப்புப் பயிற்சி கட்டாயம். சீருடை, மடிக்கணினி, "தொழிற்துறைத் தொடர்பு" என்று ஒன்று. பல இடங்களில் இதற்கெல்லாம் தனி ரசீது, சில இடங்களில் ரசீதே இல்லை. அரசு நாளைக்கு 55,000-ஐத் தானே கட்டுகிறேன் என்று வந்தால், இந்த இதரத் தலைப்புகள் மறுநாளே வீங்கும். பெற்றோர் கையில் இப்போது இருக்கும் பணம் எவ்வளவு என்று கல்லூரிக்குத் தெரியும்.

இன்னொன்று. 2012-ல் 92-ஆம் எண் அரசாணை வந்தது. பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்குச் சுயநிதிக் கல்லூரியிலும் கட்டாயக் கட்டணத்தை அரசு திருப்பிக் கொடுக்கும். அருமையான ஆணை, அதனால் பொறியாளர் ஆனவர்கள் எத்தனையோ பேர். ஆனால் நிரம்பாத கல்லூரிகள் அதை எப்படிப் பயன்படுத்தின என்பதையும் பார்த்தேன். தரகர்கள் ஊர் ஊராகப் போய் "ஒரு பைசா வேண்டாம், அரசு கட்டும்" என்று பிள்ளைகளின் சான்றிதழ்களை வாங்கி வருவார்கள், தலைக்கு இவ்வளவு என்று தரகு. எந்தப் பாடப்பிரிவு, வேலை கிடைக்குமா என்று யாரும் அந்தப் பிள்ளையிடம் சொல்லவில்லை. பணம் வரத் தாமதமானால் "ஸ்காலர்ஷிப் வரவில்லை, ஹால் டிக்கெட் கிடையாது" என்று அதே பிள்ளையை நிறுத்திவைப்பார்கள். 2017-ல் நிர்வாக ஒதுக்கீட்டுக்கு அரசு கத்திரி போட்டது. பாதியில் படித்துக்கொண்டிருந்த குடும்பங்கள் தவித்தன.

அதனால், அரசு கட்ட வேண்டும் என்பதற்கு நான் எதிரியில்லை. ஆனால் கடைசியில் பணம் கட்டுவது அரசு என்று ஆகிவிட்டால், விலையை யார் கட்டுப்படுத்துவது என்று முதலில் சொல்லுங்கள்.


[12] ராசிபுரத்தான்

அந்த இதரத் தலைப்புக்குள் இவ்வளவு இருப்பது எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. ஆபீஸ்காரர் அண்ணா, நன்றி.


[13] ரைன்கரை

ஜெர்மனியில் முதுநிலை படிக்கிறேன். இங்கே பெரும்பாலான மாநிலங்களில் அரசுப் பல்கலைக்கழகத்தில் கல்விக் கட்டணம் இல்லை. சில மாநிலங்கள் நடுவில் வசூலித்துப் பார்த்துவிட்டு 2014-க்குள் எல்லாம் கைவிட்டன. பாடன்-வூர்ட்டம்பெர்க் மட்டும் 2017-இலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருகிறவர்களிடம் அரையாண்டுக்கு 1,500 யூரோ வாங்குகிறது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் இப்போது வெளிநாட்டவரிடம் வாங்கத் தொடங்கியிருக்கிறது.

ஊரில் "ஜெர்மனியில் இலவசம்" என்று கேட்டுவிட்டுக் கிளம்புகிறார்கள். விசாவுக்கு முடக்கக் கணக்கில் (மொத்தமாக எடுக்க முடியாதபடி பூட்டிய வங்கிக் கணக்கு) 11,904 யூரோ காட்ட வேண்டும் என்பது அப்புறம்தான் தெரியும், அதற்கு ஊரில் நிலத்தை அடமானம் வைப்பார்கள்.

ஜெர்மானியர்களுக்கு இது எப்படி முடிகிறது என்று கேட்டால், இங்கே எல்லோரும் பல்கலைக்கழகத்துக்குப் போவதில்லை. பல மாநிலங்களில் நான்காம் வகுப்பு முடிந்ததும் பிள்ளைகளைப் பள்ளி வகைப்படி பிரித்துவிடுகிறார்கள். கணிசமானவர்கள் தொழிற்பயிற்சிக்குப் போய்ச் சம்பளத்தோடு கற்கிறார்கள். அதற்கு இங்கே மரியாதையும் இருக்கிறது. நம் ஊரிலும் ஐடிஐ, பாலிடெக்னிக்குக்கு அந்த மரியாதை வந்தால் எல்லோரும் பொறியியல் வாசலில் நிற்க வேண்டியதில்லையே?


[14] செம்பருத்தி

தம்பி, பத்து வயதில் பிரிப்பது என்று தமிழ்நாட்டில் பேசினால் உடனே 1953 நினைவுக்கு வரும். பாதி நாள் பள்ளி, பாதி நாள் அப்பன் தொழில் என்று ராஜாஜி கொண்டுவந்து, அடுத்த ஆண்டே காமராசர் எடுத்துப்போட்டார். யார் பிள்ளை ஐடிஐ, யார் பிள்ளை ஐஐடி என்பதை இங்கே மதிப்பெண் மட்டும் தீர்மானிக்காது. தொழிற்பயிற்சி நல்லதுதான், ஆனால் அதை முதலில் வசதியானவர்கள் தேர்ந்தெடுக்கட்டும், பின்னால் நாங்கள் வருகிறோம்.


[15] ஓய்வூதியன்

பொதுத்துறை வங்கியில் கல்விக் கடன் மேஜையில் இருந்தவன். ராசிபுரத்தான் தம்பிக்கு முதலில் உபயோகமான ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். குடும்ப வருமானம் ஆண்டுக்கு நாலரை லட்சத்துக்குள் என்றால், படிப்புக் காலத்துக்கும் அதன்பின் ஓராண்டுக்கும் வட்டியை மத்திய அரசு கட்டும் திட்டம் இருக்கிறது. கல்லூரியோ பாடப்பிரிவோ நாக் அல்லது என்பிஏ (தர மதிப்பீட்டு அமைப்புகள்) அங்கீகாரம் பெற்றிருக்க வேண்டும், தொழிற்படிப்பாக இருக்க வேண்டும். உங்கள் மாமாவின் மூன்றேகால் லட்சம் இதற்குள் வருகிறது. நாலு லட்சம் வரை கடனுக்குப் பிணையோ முன்பணமோ கேட்கக் கூடாது. ஏழரை லட்சம் வரை சொத்து அடமானம் கிடையாது. கிளை மேலாளர் "எதற்கும் ஒரு பத்திரம் இருந்தால் நல்லது" என்பார். சிரித்துக்கொண்டே எழுத்தில் கேளுங்கள். வட்டி மானியத்துக்கு வருமானச் சான்றிதழைக் கடன் வாங்கும்போதே கொடுத்துவிடுங்கள். பல கிளைகளில் அவர்களாக நினைவுபடுத்தமாட்டார்கள்.

இப்போது விவாதத்துக்கு. ஆஸ்திரேலியாவில் 1974-ல் விட்லம் அரசு பல்கலைக்கழகக் கட்டணத்தை ஒழித்தது. பதினைந்து ஆண்டு கழித்து, 1989-ல், வேறு வடிவத்தில் கொண்டுவந்தார்கள். படிக்கும்போது கையிலிருந்து கட்ட வேண்டாம். வேலைக்குப் போய் வருமானம் ஒரு அளவைத் தாண்டினால் வரியோடு சேர்த்துப் பிடிப்பார்கள். தாண்டாவிட்டால் பிடிக்கமாட்டார்கள். வீட்டுக்கு ஆள் அனுப்புவது, அப்பாவிடம் கையெழுத்து வாங்குவது எதுவும் இல்லை. இங்கே நான் பார்த்த கடன்களில் பிள்ளைக்கு வேலை கிடைக்காத குடும்பங்கள்தான் நொந்தன. கடனில் கையெழுத்திட்ட தகப்பன் கிளைக்கு வந்து தலைகுனிந்து நிற்பார். தவணையை வருமானத்தோடு இணைத்துவிட்டால் அந்த அவமானம் போகும்.


[16] கணக்குப்பிள்ளை

இது எனக்குச் சம்மதம். பயனடைந்தவர், பயனடைந்த பிறகு, பயனுக்கேற்பக் கட்டட்டும்.


[17] செம்பருத்தி

ஆஸ்திரேலியாவில் சம்பளம் வாங்கும் எல்லோரும் வரிக்கணக்குக்குள் இருக்கிறார்கள். நம் ஊரில் பட்டம் பெற்றவர்களில் எத்தனை பேர் வருமான வரி கட்டும் அளவுக்குச் சம்பாதிக்கிறார்கள்? என் வகுப்பில் இருவர். மிச்சப் பேர் ஜவுளிக்கடை, தனியார் பள்ளி, அழகு நிலையம், வீடு. அவர்களிடம் பிடிக்கவே முடியாது, பிடிக்கவும் கூடாது. அப்படியானால் கடைசியில் அரசுதான் கட்டப்போகிறது. அதை முதலிலேயே கட்டிவிட்டால் இவ்வளவு ஏற்பாடு எதற்கு?


[18] பனையடிவாசி

எங்களிடம் இலவசப் பட்டத்தோடு இன்னொரு எதிர்பார்ப்பும் சேர்ந்து வந்தது. அரசு படிப்பித்தது, அரசே வேலையும் தர வேண்டும். வேலையில்லாப் பட்டதாரிகள் வீதியில் உட்காருவார்கள், ஒவ்வொரு தேர்தலுக்கும் முன்னால் ஆயிரக்கணக்கானவர்களை அபிவிருத்தி உத்தியோகத்தர் என்று அரச அலுவலகங்களில் சேர்ப்பார்கள். கதிரை கூட இல்லாத கந்தோர்கள் இருக்கின்றன. கலைப்பீடத்துப் பிள்ளைகளைக் குறை சொல்ல நான் வரவில்லை, என் தங்கையும் அவர்களில் ஒருத்தி. என்ன படிப்பிக்கிறோம் என்பதைப் பார்க்காமல் கட்டணத்தை மட்டும் கதைத்தால் இங்கேதான் வந்து நிற்போம்.


[19] சுண்ணாம்புக்கட்டி

சொன்னபடி வருகிறேன்.

கணக்குப்பிள்ளை ஐயாவின் 3,000 கோடியையே எடுத்துக்கொள்கிறேன். நிரந்தர உதவிப் பேராசிரியரின் தொடக்க அடிப்படைச் சம்பளம் 57,700. அகவிலைப்படி, வீட்டு வாடகைப்படி எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு ஏறத்தாழ 12 லட்சம் என்று வைப்போம். 3,000 கோடிக்கு 25,000 உதவிப் பேராசிரியர்கள். தமிழ்நாட்டில் அரசு கலை அறிவியல் கல்லூரிகள் நூற்று எழுபதுக்கு மேல். ஒவ்வொன்றுக்கும் நூறு பேருக்கு மேல் வருவார்கள். எங்கள் கல்லூரிக்கு அதில் பாதி கிடைத்தாலே மதிய ஷிப்டுக்கென்று தனி ஆசிரியர், தனி ஆய்வகம் என்று வைத்துவிடலாம். அவ்வளவு பணம் ஒரே ஆண்டில் தேவையும் இல்லை. பத்தில் ஒரு பங்கு, ஆண்டுதோறும் தவறாமல் வந்தால் போதும்.

சுயநிதிக் கல்லூரிக்குக் கட்டும் 55,000 அந்த ஆண்டோடு செலவாகிவிடும், அடுத்த ஆண்டு மறுபடி கட்ட வேண்டும், குழு உயர்த்தினால் உயர்த்திக் கட்ட வேண்டும். அரசுக் கல்லூரியில் போட்ட பணம் வகுப்பறையாக, ஆய்வகமாக, முப்பது ஆண்டு பணிபுரியும் ஆசிரியராக நிற்கும். நல்ல அரசுக் கல்லூரி பக்கத்தில் இருந்தால் சுயநிதிக் கல்லூரியும் தன் கட்டணத்தைக் குறைத்துத்தான் ஆக வேண்டும். ஆபீஸ்காரர் கேட்டாரே, விலையை யார் கட்டுப்படுத்துவது என்று. குழு போட்டுக் கட்டுப்படுத்தி இருபது ஆண்டுக்கு மேல் பார்த்தாயிற்று.

அப்புறம் யாரும் பேசாத ஒன்று, அரசு உதவிபெறும் கல்லூரி. காலையில் உதவிபெறும் பிரிவு, ஆசிரியர் சம்பளம் அரசுடையது, மாணவர் கட்டணம் சில ஆயிரம். மதியம் அதே கட்டடத்தில் சுயநிதிப் பிரிவு, அதே பி.காம்., அதே பாடத்திட்டம், கட்டணம் பல மடங்கு. பல ஆண்டுகளாகப் புதிய பாடப்பிரிவு எதற்கும் அரசு உதவி கொடுக்காததால் வளர்ச்சி முழுக்க மதியப் பக்கம் போய்விட்டது. புதிதாக ஒரு கல்லூரி கட்டாமலே, அந்த மதியப் பிரிவுகளில் சிலவற்றை உதவிபெறும் பிரிவாக மாற்றினால் எத்தனை ஆயிரம் பிள்ளைகளுக்குக் கட்டணம் இறங்கும்!


[20] ராசிபுரத்தான்

மேடம், நீங்கள் சொல்வது சரியாகவே இருக்கிறது. ஆனால் இன்று உத்தரவு போட்டு, தேர்வு நடத்தி, வழக்கு முடிந்து அந்த ஆசிரியர் வகுப்புக்கு வருவதற்குள் எங்கள் பாப்பா படித்து முடித்திருப்பாள். அவளுக்குக் கலந்தாய்வு அடுத்த மாதம்.


[21] சுண்ணாம்புக்கட்டி

அதற்கு என்னிடம் பதில் இல்லை. உடனே செய்யக்கூடியது வருமான வரம்பை உயர்த்துவது. அதில் கணக்குப்பிள்ளை ஐயாவோடு நான் ஒரே பக்கம். முதல் பட்டதாரி விதியில் அஞ்சல்வழிப் பட்டத்தை வேறாகப் பார்க்கலாம் என்பது என் ஆசை, அதிகாரிகள் சம்மதிக்கமாட்டார்கள். இந்த ஆண்டுக்கு ஓய்வூதியன் ஐயா சொன்ன கடன்தான் வழி என்று நினைக்கிறேன். எனக்கு அது பிடிக்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன்.


[22] கணக்குப்பிள்ளை

சுண்ணாம்புக்கட்டி மேடத்தின் கணக்கில் ஓய்வூதியம் சேரவில்லை, கட்டடச் செலவு சேரவில்லை. நிரந்தரப் பணியிடம் என்றால் முப்பது ஆண்டுப் பொறுப்பு. ஒரு துறைக்கு மாணவர் வராமல் போனால் அந்த ஆசிரியரை என்ன செய்வது? ஆனாலும் சுயநிதிக்குக் கட்டுவதைவிட இது மேல் என்பதை மறுக்கவில்லை. உதவிபெறும் பிரிவு யோசனைக்கு எவ்வளவு ஆகும் என்று யாரிடமாவது விவரம் இருந்தால் போடுங்கள், உட்கார்ந்து பார்க்கிறேன்.


[23] பழைய_ஆபீஸ்காரர்

ராசிபுரத்தான் தம்பி, கலந்தாய்வில் விருப்பப் பட்டியல் கொடுப்பதற்கு முன்னால் இதைச் செய்யுங்கள். பட்டியலில் வைக்கப்போகும் ஒவ்வொரு கல்லூரிக்கும் நேரில் போங்கள். போன் பண்ணினால் கல்விக் கட்டணத்தை மட்டும் சொல்வார்கள். முதல் ஆண்டு மொத்தம் எவ்வளவு, பேருந்து கட்டாயமா, விடுதியில் சேராவிட்டால் பரவாயில்லையா, இரண்டாம் ஆண்டில் எது எது கூடும் என்று கேட்டு, கல்லூரி முத்திரையோடு காகிதத்தில் வாங்குங்கள். கடனுக்கு வங்கியும் அதே காகிதத்தைத்தான் கேட்கும், அதனால் தயங்காமல் கேட்கலாம். முத்திரை போட மறுக்கும் கல்லூரியைப் பட்டியலில் கீழே தள்ளுங்கள். அப்புறம் வெளியே வரும்போது மூன்றாம் ஆண்டுப் பையன் யாரையாவது டீக்கடையில் பிடித்து, போன வருடம் அவன் வீட்டில் மொத்தம் எவ்வளவு கட்டினார்கள் என்று கேளுங்கள். அந்தத் தொகையை வைத்துக் கடன் தொகையை முடிவு செய்யுங்கள்.